போட் மெயில்

சென்னையிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் இரவு ரயிலைப் பெரியவர்கள் இன்றும் ‘போட் மெயில்’ என்றே சொல்கிறார்கள். கடலே இல்லாத வடமதுரையில் வளரும் எங்களுக்கு அது வேடிக்கை. ரயிலுக்கும் படகுக்கும் என்ன உறவு? தேடிப் பார்த்தால், எங்கள் ஊர்த் தண்டவாளமே அந்தக் கதையில் வருகிறது!

1876-இல் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை வந்தது. சென்னையில் ரயிலேறியவர்கள் திருச்சி, வடமதுரை, மதுரை வழியே தூத்துக்குடி சென்று, கப்பலில் கொழும்பு போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் கடற்பயணம் சுருங்கியது. தனுஷ்கோடியில் இறங்கினால் நீராவிக் கப்பல் காத்திருக்கும். சுமார் 35 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு! பின்னர் புதுக்கோட்டை வழியே குறுக்குப் பாதை வரவே, போட் மெயில் எங்கள் ஊரை மறந்தது.

துரைமார்கள் சுகமாகவே சென்றிருப்பார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைகளையோ மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தங்கவைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினர்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியையும் அங்கே வந்துகொண்டிருந்த ரயிலையும் விழுங்கிற்று. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது; 1980-களில் அதுவும் நின்றது. அதற்குள் பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளோடு அதில் வந்து இறங்கிவிட்டனர். அவர்களில் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். ‘சொந்த ஊரை’ அதுவரை கண்ணால் கண்டதில்லை. வந்ததும் அவர்களைத் தங்கவைத்தது, பாட்டன்மார் காத்துக்கிடந்த அதே மண்டபம் முகாமில்தான்.