பின்பக்கம் உட்காருகிறவள்

அன்புள்ள வாயாடிக்கு,

பக்கத்து வீட்டுத் தம்பதியின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று போனில் அப்படிக் கத்தினாயே, இந்தா மீதி. சனிக்கிழமை அவர்களோடு மீன் பிடிக்கப் போனேன். சிரிக்காதே. குழம்புக்கு இல்லையடி. நாள் முழுக்கப் பாடுபட்டுப் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற மீன்பிடி.

இடம் மேய்ன் மாநிலத்தின் மேற்குப் பக்கம், ரேஞ்ச்லி ஏரிகள் இருக்கிற காட்டுப்பகுதி. அங்கே ஒரு குளம். பெயரைக் கேட்காதே, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று பெரியவர் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காரில் ஏற்றினார். இந்த ரகசியம்தான் எனக்கு வேடிக்கை. இந்த மாநிலத்தில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளம் எதுவும் தனியார் சொத்து ஆக முடியாது. 1640களில் மாசசூசெட்ஸ் குடியேற்றக்காரர்கள் போட்ட சட்டம். 1820-இல் மேய்ன் பிரிந்து தனி மாநிலமான பிறகும் அது அப்படியே நிற்கிறது. சட்டப்படி ஊருக்கே சொந்தமான குளம், ஆனால் மனிதர் சொந்த மாமியாரின் நகைப்பெட்டியைக்கூட அவ்வளவு மறைத்திருக்க மாட்டார்.

கனூ படகில் இரண்டே இருக்கை. அவர் முன்னால், அந்தம்மா பின்னால், நடுவில் அரிசி மூட்டை மாதிரி நான். எழுந்து நிற்கக் கூடாது, திடீரென்று திரும்பக் கூடாது, முக்கியமாகக் குனிந்தே இருக்க வேண்டும். ஏனென்றால் ஃப்ளை ஃபிஷிங்கில் எறிகிற விதமே வேறு. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது, எடையெல்லாம் கயிற்றில்தான். அந்தத் தடித்த கயிற்றை முதலில் பின்னால் வீசி, அது காற்றில் முழுசாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமைதான் வித்தை. பெரியவருக்கு அது இல்லை. பின்னால் போன முள் என் காதோரம் ஸ்ஸ் என்று போகும். அந்தம்மா ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். நாற்பது வருஷத் தாம்பத்தியம் அந்தக் கழுத்தசைவில் தெரிந்தது.

இன்னொரு அவஸ்தை கறுப்பு ஈ. ஜூலை பிறந்துவிட்டதால் குறைந்துவிட்டதாம். மிச்சம் இருந்ததே எனக்குப் போதும். கொசு மருந்தைத் தடவிக்கொண்டு கயிற்றைத் தொட்டேனோ இல்லையோ, பெரியவர் அலறிவிட்டார். மருந்தில் இருக்கிற டீட், கயிற்றின் மேல்பூச்சை இளக்கிவிடுமாம். என் தோல் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை!

காலையில் அவருக்கு இரண்டு மீன் விழுந்தது. விழுந்ததும், "பார்த்தாயா, சரியான இடத்தில் போட்டேன்" என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறார். போட்டது அவர்தான். ஆனால் அந்த இடத்துக்குப் படகைக் கொண்டுபோனது யார்? காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது; அந்தம்மா துடுப்பைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்காமலே சத்தமில்லாமல் திருப்பி, பாறையிலிருந்து சரியாக எறிதூரத்தில் நிறுத்துகிறாள். துடுப்பு படகில் 'டக்' என்று இடித்தாலே மீன் ஓடிவிடும். ஒரு சத்தம் இல்லையடி. முன்னால் இருப்பவர் பிடித்தது என்று ஊர் சொல்லும். பிடித்துக் கொடுத்தது பின்னால் இருப்பவள்.

மீனைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பாய். புரூக் ட்ரவுட். அவலாஞ்சிப் பண்ணையில் நாம் பார்த்த ரெயின்போ ட்ரவுட் வேறு இனம். அது இந்தக் கண்டத்தின் மேற்குக்கரை மீன், இது கிழக்கின் சொந்தப் பிள்ளை. பச்சை முதுகில் நெளிநெளியாகக் கோடு, விலாவில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நீல வளையம், அடித்துடுப்புகளின் ஓரத்தில் வெள்ளைக் கரை. இந்தச் சேர்க்கையில் ஒரு பட்டுப்புடவை நெய்தால் நீயே நம்ப மாட்டாய். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் வழவழப்பு போய்விடும். தண்ணீர் சூடேறினால் தாங்காது, ஆழத்தில் ஊற்றுக்கண் பக்கம் போய்ப் படுத்துவிடும். அதனால் மதியம் முழுக்க ஒன்றும் கடிக்கவில்லை. பெரியவர் கரையில் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கப் போனார். எங்கள் வம்பு அப்போதுதான் களைகட்டியது.

அந்தம்மா சொன்னாள்: இந்த மாநிலத்தில் பதிவு பெற்ற வேட்டை, மீன்பிடி வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்தது 1897-இல், முதல் எண் உரிமம் வாங்கியவர் ஒரு பெண். கார்னீலியா கிராஸ்பி. ஆறடி உயரம், வங்கியில் வேலை, உடம்பு சரியில்லை என்று டாக்டர் வெளிக்காற்றுக்கு அனுப்பிவைக்க, அம்மணி தூண்டிலோடு காட்டிலேயே தங்கிவிட்டாள். 'ஃப்ளை ராட்' என்ற பெயரில் பத்திரிகையில் எழுதித் தள்ளினாள். நியூயார்க் கண்காட்சிக்குக் குட்டைத் தோல்பாவாடை கட்டிக்கொண்டு போய் நின்றாளாம். மீனை யார் பார்த்திருப்பார்கள்?

அடுத்தவள் கேரி ஸ்டீவன்ஸ். தொப்பி தைப்பது தொழில், புருஷன் வழிகாட்டி. 1924 ஜூலை 1-ஆம் தேதி வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு, தான் கட்டிய புது இறகுப்பூச்சியோடு அப்பர் டாம் மடுவுக்குப் போனவள், 3 கிலோவுக்கு மேல் ஒரு புரூக் ட்ரவுட்டைப் பிடித்தாள். 'ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்' பத்திரிகைப் போட்டியில் அது இரண்டாம் பரிசு வாங்கியது. அப்புறம் கேட்கவேண்டுமா, பூச்சி கேட்டு ஆர்டர்கள் குவிந்தன. முள்ளைக் கவ்வுகிற கருவி எதுவும் இல்லாமல் விரலிடுக்கில் பிடித்தே கட்டுவாளாம். வழிகாட்டியின் மனைவி என்று மட்டும் யாராலும் அவளைச் சொல்ல முடியாமல் போயிற்று.

இதைச் சொல்லிவிட்டு அந்தம்மா தூங்குகிறவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சாயங்காலம் நான் முன்னால்" என்றாள். அவ்வளவுதான்.

எட்டு மணிக்குமேல் வெயில் சாய்ந்ததும் ஹெக்ஸ் பூச்சி எழும்பியது. சேற்றுக்குள் ஒன்றிரண்டு வருஷம் புதைந்து கிடந்து, ஜூலை அந்தியில் மேலே வந்து, சிறகு முளைத்து, ஓரிரு நாளில் செத்துப்போகிற மஞ்சள் பூச்சி. சிறகு வந்த பிறகு சாப்பிட வாயே உதவாதாம். உனக்கு அந்தப் பிறவி வேண்டவே வேண்டாம். குளம் முழுக்க மீன்கள் சளப் சளப்பென்று மேலே வந்தன. அந்தம்மா இருக்கும் இடத்துக்கு நேரே ஒன்று. பின்னால் பெரியவர் துடுப்போடு போராடுகிறார். படகு ஒரு சுற்றுச் சுற்றிக் கோரைக்குள் மூக்கை நுழைத்தது. "காற்று மோசம்" என்றார். இலைகூட அசையவில்லை. படகு சுற்றுகிற சுற்றிலேயே அவள் எறிந்தாள், பின்வீச்சில் அந்த ஒரு கணம் பொறுத்து. அன்றைக்கு விழுந்ததில் அதுதான் பெரியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளம். கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, தண்ணீரில் விட்டுவிட்டு, "போட்டோ எடுத்தாயா?" என்று என்னைக் கேட்டாள். எடுத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன், பின்னால் கோரைக்குள் பாதி மறைந்திருக்கும் தொப்பிதான் பெரியவர்.

திரும்பும் வழி முழுக்க மனிதர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தபால்காரரிடம், "நேற்று எங்களுக்கு ஒரு பெரிய மீன்" என்று சொன்னது என் ஜன்னல் வழியாகக் கேட்டது. 'எங்களுக்கு' என்கிற அளவுக்கு வந்ததே முன்னேற்றம்.

நீ வருவதானால் அடுத்த ஜூலை முதல் வாரம் வா. கறுப்பு ஈ ஓய்ந்திருக்கும், ஹெக்ஸ் எழும்பும். வெளிமாநிலத்தார், வெளிநாட்டார்க்கு ஒருநாள் உரிமம்கூடக் கொடுக்கிறார்கள். துடுப்பு நீதான் போட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்,
மூட்டை