ஒற்றைத் தாலந்து

'என்னால் இயன்ற எளிய காணிக்கை' என்ற வாசகம் இல்லாமல் பக்திக் கவிதைத் தொகுப்பு வெளிவருவது அபூர்வம். கிறிஸ்தவக் கவிதைகளில் இது சற்று அதிகம். இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். அடக்கம்தானா என்பது என் சந்தேகம்.

பெரம்பலூரில் எங்கள் வங்கிக்கு வரும் நண்பர் ஒருவர் கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதுகிறவர். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டவருக்குக் குடுத்தது சார். இதுல நல்லது கெட்டது பாக்காதீங்க." விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிடக் கறாரான நிபந்தனை கிடையாது. பாட்டுகள் பெரும்பாலும் பலர் பாடித் தேய்ந்த சொற்கள். ஒன்று மட்டும் வேறு தினுசு. ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்ட ஒருத்தி மேகத்தைப் பார்த்துவிட்டுக் கடவுளைக் கூப்பிடுகிறாள். கோபமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. இதைப்பற்றிக் கேட்டேன். "அது சும்மா எழுதினது சார், எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தாலந்துக் கதை நினைவுக்கு வருகிறது. வெளியூர் போகும் எஜமான் ஊழியர்களுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து கொடுத்துவிட்டுப் போகிறான். ஒன்று பெற்றவன் மண்ணைத் தோண்டிப் புதைத்துவைக்கிறான். ஆங்கிலத்தில் திறமைக்கு வழங்கும் 'டாலண்ட்' என்ற சொல்லே இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். ஆனால் தாலந்து அன்று ஒரு தொகை: 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஓய்வுநாட்களைக் கழித்தால் கிட்டத்தட்ட 20 வருஷக் கூலி. அவன் கையில் இருந்தது அற்பமல்ல; ஐந்தின் பக்கத்தில் வைத்ததால் அற்பமாகத் தெரிந்தது. எஜமான் திரும்பிவந்து கேட்கிற கேள்வியை வங்கி குமாஸ்தா ஒருவன் சுலபமாகத் தாண்டிப்போக முடியாது: காசுக்காரரிடமாவது போட்டிருக்கக் கூடாதா, வட்டியாவது வந்திருக்குமே? காசுக்காரன் மேஜையில் நாணயம் தட்டிப் பார்க்கப்படும், எடை போடப்படும், நாலு பேர் கைக்குப் போகும். புதைத்தவன் தப்பித்தது இந்தச் சோதனையிலிருந்து. 'நல்லது கெட்டது பாக்காதீங்க' என்பதும் ஒருவகை மண்தான்.

விதவையின் இரண்டு காசைக் காட்டி மறுக்கலாம். மாற்கு 12இல் அது எல்லோர் காணிக்கையிலும் பெரிதென்று சொல்லப்படுகிறது. உண்மை. ஆனால் சொன்னவர் இயேசு. அவள் தன் காசைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய், சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கொள்ளிடத்துப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஏலாக்குறிச்சி. (2007 வரை இதுவும் பெரம்பலூர் மாவட்டம்தான்.) வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுத் தங்கியிருந்த ஊர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்த சேசு சபைத் துறவி. தேம்பாவணியின் நாயகன் வளன், அதாவது சூசை, ஒரு தச்சன். நான்கு சுவிசேஷங்களிலும் அவன் பேசியதாக ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தின்மீது 3615 விருத்தங்கள். அந்நியன் என்ற சலுகையை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நாடு, நகர் வர்ணனையோடு, தமிழ்க் காப்பியத்தின் சகல நிர்ப்பந்தங்களுக்கும் உட்பட்டே எழுதினார். காசுக்காரர் மேஜையில் வைத்தார்.

ஆனால் அந்தக் காப்பியத்தை இன்று முழுக்கப் படிக்கிறவர்கள் குறைவு. 1732இல் செய்த சதுரகராதியோ நிகண்டைச் செய்யுளாக மனப்பாடம் செய்யும் நிர்ப்பந்தத்தைத் தளர்த்தி, சொல்லை அகர வரிசையில் தேட வைத்தது. அதைவிடச் சின்னது இன்னொன்று. ஓலையில் புள்ளி வைப்பது வழக்கொழிந்ததால் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு நின்றது. கெடு, கேடு இரண்டையும் இடம் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். நெடிலின் கொம்பை மேலே சுழித்துக் காட்டியவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறார்கள். நாத்திகனும் போடுகிற சுழி அது. எங்கள் வங்கிச் சலானில் 'சேமிப்பு' என்று எழுதுகிறவர் யாரும் அதைக் காணிக்கை என்று நினைப்பதில்லை. தம் காணிக்கைகளை வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தால் அவரே இந்தச் சுழியை முதலில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எது சிறிது என்பது கொடுப்பவனுக்குத் தெரிவதில்லை. தெரியும் என்று முன்கூட்டியே அறிவிப்பதில் அடக்கத்தைவிட அகங்காரமே தூக்கலாக இருக்கிறது: அளவுகோலையும் தானே வைத்துக்கொள்கிற அகங்காரம். காணிக்கை என்ற சொல்லுக்குக் கொடுப்பவனுக்கு உரிமை உண்டு. 'எளிய' என்ற அடைமொழியை வாங்கிக்கொள்கிறவருக்கு விட்டுவிடலாம்.