குளம் இருந்த இடத்தில்

ரீமேக் என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். 1978-ல் இந்தியில் ‘டான்’. 1980-ல் அதுவே ரஜினியின் ‘பில்லா’. 2007-ல் அஜித்துக்காக மறுபடி ‘பில்லா’. தியேட்டர் வாசலில் ஒரு பெரியவர், “என்ன இருந்தாலும் பழசு மாதிரி வருமா?” என்று உதட்டைப் பிதுக்குவார். வீடியோ கேமிலும் ரீமேக் உண்டு, அங்கேயும் இப்படி உதட்டைப் பிதுக்கும் பெரியவர்கள் உண்டு என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அந்தப் பெரியவர்களுக்கு வயசு முப்பத்தைந்து.

அதில் ஒருவன் என் அக்கா மகன். ஒரு வாரம் பெரும்பாக்கத்தில் எங்களோடு தங்க வந்தவன் பெட்டியிலிருந்து பழைய நிண்டெண்டோ டிஎஸ் ஒன்றை எடுத்தான். சோப்பு டப்பா மாதிரி திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. உள்ளே ‘போக்கிமான் ஹார்ட்கோல்ட்’. 1999-ல் கேம் பாய்க்கு வந்த ‘போக்கிமான் கோல்ட்’ விளையாட்டைப் பத்து வருஷம் கழித்து, 2009-ல் ஜப்பானில் புதுசாகச் செய்து வெளியிட்டார்கள். அதுதான் இது. “கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடிப் பாருங்க மாமா” என்று கையில் திணித்துவிட்டான்.

கதை பெரிசாக ஒன்றுமில்லை. ஒரு பையன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். புல்லில் நடந்தால் விநோதமான பிராணிகள் குறுக்கே வரும். சண்டை போட்டு, பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். பிடித்ததை வளர்க்க வேண்டும். ஊர் ஊராகப் போய் அங்கங்கே உள்ள வாத்தியார்களை ஜெயிக்க வேண்டும். அவ்வளவே. ஆனால் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ‘அடுத்த ஊரை மட்டும் பார்த்துட்டுப் படுக்கலாம்’ என்று தோன்றுகிறதே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

கோல்டன்ராட் என்ற பட்டணத்தில் விட்னி என்று ஒரு டீச்சர். அவளிடம் மில்டேங்க் என்ற பசு. பார்த்தால் பரம சாது. உருண்டு வந்து மோத ஆரம்பித்தால் அடியின் வேகம் ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்காகிறது. நான் வளர்த்த பிராணிகள் வரிசையாக மயக்கம் போட்டு விழுந்தன. “எங்களையெல்லாம் அழ வெச்ச பசு மாமா அது. ரீமேக்லயும் அவளைத் தொடலை பாருங்க” என்றான் பெருமையாக. ஒருவழியாக ஜெயித்தால் டீச்சர் ஓவென்று அழுகிறாள்.

அசேலியா என்ற சின்ன ஊருக்குள் நான் நுழையும் முன்பே அவன் திரையைப் பார்க்காமல் ஒப்பித்தான். “ஒரு கிணறு இருக்கும், ஒரு கரிச்சூளை இருக்கும், கர்ட்னு ஒரு தாத்தா வீடு இருக்கும்.” மூன்றுமே இருந்தன. மரத்துக் காயைப் பறித்துக் கொடுத்தால் தாத்தா பந்து செய்து தருகிறார். உடனே இல்லை, மறுநாள். கருவிக்குள் கடிகாரம் ஓடுவதால் நிஜமான மறுநாள். நம் டெய்லர்களைப் போலன்றி, போனால் தயாராக வைத்திருக்கிறார்.

அவனுடைய பழைய கேசட் என்ன ஆச்சு என்று கேட்டேன். அதில் நாம் விளையாடியதை ஞாபகம் வைத்திருப்பதே உள்ளே இருக்கும் பொத்தான் சைஸ் பேட்டரிதானாம். கடிகாரத்துக்கும் அதுவே தீனி போட வேண்டும். சில வருஷங்களில் உயிரை விட்டுவிட்டது. “பத்து வயசுல நான் பிடிச்சதெல்லாம் அதோட போயிடுச்சு” என்றான். பிறகு திரையைக் காட்டினான். என் பையன் நடக்க, அவன் பின்னாலேயே அவனுடைய பிராணி குடுகுடுவென்று ஓடிவந்தது.

“பழைய கோல்ட்ல இது கிடையாது மாமா. பின்னாடி நடந்து வர்றதா நானா நெனச்சுக்குவேன். இதுல நெஜமாவே வருது.”

நல்ல ரீமேக் எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கிணற்றையும் தாத்தாவையும் அதே இடத்தில் விட்டுவிட்டு, குழந்தை மனசுக்குள் போட்டுக்கொண்ட படத்தை மட்டும் சேர்ப்பது. கடைசி வரை ஆடி முடிப்பவர்களுக்கு, கேம் பாய் காலத்து ‘கீங் கீங்’ இசையைத் திரும்பக் கேட்க ஒரு கருவியும் பரிசாகத் தருகிறார்கள்.

எங்கள் ஊரையும் நாம் புதுசாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளும் அப்படி வந்தவர்தான். “வூடு நல்லாத்தான் கீது சார். கதவைத் தொறந்தா எதிர்ல யாருன்னுதான் தெரியல” என்றார். அவர் தெருவுக்கு ரீமேக் கிடையாது.

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி 1965-ல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். வயல், குளம், புதர் என்று அலைந்து பூச்சி பிடித்த பையன். அவர் வளர வளர ஊரும் வளர்ந்தது. வயலெல்லாம் கட்டடம். மீன் பிடித்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் கூடம் வந்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இனி வரும் குழந்தைகளுக்கும் பூச்சி பிடிக்கும் சந்தோஷம் கிடைக்க வேண்டுமே என்றுதான் 1996-ல் முதல் போக்கிமான். ஹார்ட்கோல்டிலும் ஒரு பூங்காவில் செவ்வாய், வியாழன், சனி பூச்சி பிடிக்கும் போட்டி நடக்கிறது. தொலைந்துபோன குளத்தின் ரீமேக்தான் இந்த மொத்த விளையாட்டும்.

விளையாட்டோடு ஒரு சின்ன வட்டக் கருவியும் உண்டு. பிடித்த பிராணியை அதற்குள் அனுப்பி, இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் நம் அடிகளை எண்ணும். இருபது அடிக்கு ஒரு வாட் வரவு. ஞாயிறு காலை மாட்டிக்கொண்டு, சோழிங்கநல்லூர் - மேடவாக்கம் ரோட்டில் சதுப்புநிலம் வரை இருவரும் நடந்தோம். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பைக்கும் கட்டடத்துக்கும் போக மிச்சமிருப்பதில், 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர்.

கோரைப் புல்லை விலக்கிக்கொண்டு ஒரு பறவை வந்தது. கோழி சைஸ். ஊதா கலந்த நீல உடம்பு, சிவப்பு மூக்கு, தேவைக்கு மேல் நீண்ட கால்விரல்கள். நம்மைக் கண்டுகொள்ளாமல் மிராசுதார் மாதிரி நடந்தது. ஹார்ட்கோல்டில் உள்ள 493 போக்கிமான் பெயரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

“இது என்ன மாமா?”

“நீலத் தாழைக்கோழி.”

“ரீமேக்கா?”

“ஒரிஜினல்டா.”

மச்சிதா பையன் குளம் போன பிறகு அதைத் திரைக்குள் தோண்ட வேண்டியிருந்தது. நமக்கு இன்னும் அந்த வேலை வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

இடுப்புக் கருவியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறவை புல்லுக்குள் மறைந்த பிறகு மெதுவாகக் கேட்டான்.

“இது பகல்ல மட்டும்தான் வருமா, ராத்திரியும் வருமா?”

“நாளைக்கும் வந்து பார்ப்போம்” என்றேன்.