அடுப்புப் புகையும் அரைத்தூக்கமும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டில் ஒரு தறி, பின்னால் அரை ஏக்கர் நெல். மகன் நெய்யும் பட்டுக்கு அம்மாதான் தார் சுற்றிக் கொடுப்பார். கொஞ்ச நாளாக ராட்டை சுற்றும்போதே அவருக்குத் தலை தொங்கிவிடுகிறது. இழை அறுகிறது.

“ராத்திரி முழுக்கக் கொறட்டை விட்டுத் தூங்குற, பகல்லயுமா?” என்று மகன் கடிந்துகொண்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தோடு நாலு படி ஏறினால் இளைக்கிறது என்பதைக்கூட அவர் யாரிடமும் சொன்னதில்லை. வயசாச்சு, அவ்வளவுதான்.

மருமகள்தான் ஒரு ராத்திரி கவனித்தாள். குறட்டை பட்டென்று நின்றது. பதினைந்து எண்ணும் வரை மூச்சே இல்லை. பிறகு திணறலோடு ஓர் இழுப்பு. விடிவதற்குள் அப்படிப் பல தடவை.

முதலில் போன இடத்தில் இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்தாக முடியலாம். தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து வழியை அடைக்கும். இரண்டாவது மருத்துவர் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொன்னார். முழு மூச்சையும் வேகமாக ஊதும்போது முதல் நொடியிலேயே 70 சதவிகிதமாவது வெளியே வரவேண்டும். இன்ஹேலர் கொடுத்த பிறகும் வராவிட்டால் சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அம்மாவுக்கு வரவில்லை.

“அம்மா பீடி தொட்டதே இல்லீங்களே சார்!”

“எதுல சமைக்கிறாங்க?”

வேலிகாத்தான் கட்டையில். பதினாலு வயதிலிருந்து, ஜன்னல் இல்லாத சமையலறையில். சிலிண்டர் இருக்கிறது, டீக்கும் விருந்தாளிக்கும் மட்டும்.

மகன் கேட்ட இதே கேள்வியைத்தான் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பிரிசில்லா ஜான்சன், கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைப் பழக்கம் இல்லாத, 30 வயது தாண்டிய 900 பெண்களைச் சோதித்தார்கள். முடிவு 2011-ல் வெளியானது. 2.44 சதவிகிதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. விறகு, வறட்டி எரிப்பவர்களில் 2.5, எரிவாயு போன்றவற்றில் சமைப்பவர்களில் 2. இந்த இடைவெளி சிறியது; இதை மட்டும் வைத்து விறகைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. ஆனால் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருப்பவர்களில் அது 3 சதவிகிதம். எத்தனை நேரம் புகையில் உட்கார்ந்தோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். கிராமத்துப் பெண்ணுக்கு இது புதுச் செய்தி இல்லை. அதை எண்ணிக் காட்ட ஆள் இல்லாமல் இருந்தது.

குறட்டை தனிக் கதை. நுரையீரல் அடைப்பும் உறக்கத்தில் மூச்சுத்தடையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை 1985-ல் எடின்பரோ மருத்துவர் டேவிட் ஃபிளென்லி தனியாகப் பெயரிட்டுச் சொன்னார். ஒன்று மட்டும் இருப்பவரைவிட இவர்களுக்கு இரவில் ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம் இறங்கும். இருதயத்துக்கும் சுமை. மருந்து வேறு, மாத்திரை வேறு என்று பிரித்துப் பார்த்தால் பாதி நோய் தப்பிவிடும்.

மூச்சுத்தடைக்கு வழி சொன்னவர் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன். 1981-ல் அவர் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு மூக்கு வழியே செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொண்டார். சி-பேப் கருவி அப்படி வந்ததுதான். விலை ஒரு பட்டுச் சேலைக் கூலியில் அடங்காது.

அம்மாவுக்கு ஒரு ராத்திரி விரலிலும் மூக்கிலும் கருவி மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு நோயும் இருந்தன. சி-பேப்பைக் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். முதல் ராத்திரி மூக்கு மூடியைக் கழற்றி வீசிவிட்டார். “மாட்டுக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதிரி இருக்குடா.” மருமகள் பக்கத்திலேயே படுத்து, கழற்றக் கழற்ற மாட்டிவிட்டாள். மூன்றாவது வாரத்தில் அவரே மாட்டிக்கொண்டார்.

சமையல் இப்போது எரிவாயுவில். வெந்நீர் அடுப்பு மட்டும் கொல்லைப்புறத்துக்குப் போயிருக்கிறது. அதை மகன் மூட்டுகிறான். தார் சுற்றும் நேரத்தில் அம்மா தூங்குவதில்லை. படி ஏறினால் இளைப்பு இன்னும் இருக்கிறது. கெட்டுப்போன நுரையீரல் பழையபடி திரும்பாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.