நூறு வாங்கினவ கடைசியா?

போன வருஷம் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல ஆன்லைன் க்விஸ். ரிசல்ட் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதினது நான்தான். முதல் மூணு பேருக்குப் பரிசும் கொடுத்தாச்சு. அப்போ ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு வந்து, "அண்ணா, நான் எல்லாமே சரியாத்தான் போட்டேன்" என்றாள். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

ராத்திரி மனசு கேக்கல. முழு மார்க் லிஸ்ட்டையும் திறந்தேன். 95, 90, 88 என்று போய், கடைசி வரியில் அவள் பெயர். மார்க் 100!

நான் சார்ட் பண்ணி ரிவர்ஸ் பண்ணியிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் சும்மா சார்ட் என்று விட்டால், எண்களையும் ஸ்ட்ரிங்காக மாற்றி, அகராதி வரிசையில்தான் ஒப்பிடும். 1-ல் தொடங்குவதால் 100, 88-ஐ விடச் சின்னது! பெரிய மார்க் முதலில் வர, 'பி மைனஸ் ஏ' என்று ஒப்பிடும் ஃபங்ஷனை சார்ட்டுக்குக் கொடுக்கணும். நான் டெஸ்ட் பண்ணினது எல்லாமே இரண்டு இலக்க மார்க். அதனால் தப்பு வெளியே தெரியவே இல்லை.

மறுநாள் அவள் வகுப்புக்கே போய், எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டேன்.

நீங்க டெஸ்ட் பண்ணும்போது 9, 88, 100 மூணையும் போட்டுப் பாருங்க. யாராவது 'தப்பா இருக்கு'ன்னு வந்தா, முதல்ல லேப்டாப்பைத் திறங்க. பதில் அப்புறம் சொல்லலாம்.