சுமப்பவர் மூச்சு

ஆடி பிறந்துவிட்டால் பசறைப் பக்கத்து மலைகளிற் காற்றின் குணம் மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மேற்குச் சரிவுகளிற் கொட்டித் தீர்த்துவிட்டு, மத்திய மலைநாட்டைக் கடந்து ஊவாவிற்கு வரும்போது வெறுங்காற்றாக, உலர்ந்த காற்றாக வந்து சேர்கின்றது. கச்சான் என்பது அதன் பெயர். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மணமும் நல்ல விலையும் தேடித்தருவது இக்காற்றே என்பர். யூலை தொடங்கிச் செப்ரெம்பர் வரை நீளும் இப்பருவத்தைத் துரைமார் ஆவலோடு எதிர்பார்த்திருப்பர். அதே பருவத்திலேதான் பசறையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தில், ஐம்பத்துநான்கு வயதுத் தொழிலாளி ஒருவர் ஸ்டோரிலிருந்து லயத்திற்குச் செல்லும் படிகளில் இரண்டிடத்தில் நின்று மூச்சு வாங்கத் தொடங்குகின்றார். மாரியில் அவர் ஓரிடத்திலும் நிற்பதில்லை.

தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றே வழங்குவர். அங்கே இருபத்தேழு ஆண்டுகளாக அவருக்கு வேலை. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம்பிரிக்கும் கூடத்திலிருந்து நிறைந்த சாக்குகளைச் சுமந்து சென்று அடுக்குவது நாளாந்தப் பணி. தூசி சேரும் அறையைக் கூட்டிப் பெருக்கி, அள்ளிக் கட்டி, வெளியே கொணர்வது இடையிடையே வரும் பணி. தளிரின்மேலுள்ள நுண்மயிரும் தண்டின் நாரும் சலிக்கும்போது உதிர்ந்து பஞ்சுபோலப் பறக்கும். காற்றில் ஈரம் குறையக் குறைய அது இலேசாகிக் கீழே படியாமல் மிதந்துகொண்டிருக்கும். புருவத்திலும் காதுமடலிலும் படிந்த அத்தூசியைக்கொண்டே இன்னார் ஸ்டோர் ஆள் என்று மாலையிற் கண்டுகொள்ளலாம். இதற்கு அவர் கைக்கொண்ட காவல், மூக்கையும் வாயையும் மறைத்துப் பின்னாற் கட்டிய ஒரு துணித்துண்டு. துணி பருந்தூசியை நிறுத்தும். நுரையீரலின் அடிவரை செல்லக்கூடிய நுண்டூசியை நிறுத்தும் ஆற்றல் அதற்கில்லை. வியர்வையில் நனைந்துவிட்டாலோ மூச்சையே நிறுத்திவிடும். ஆதலாற் சாக்குத் தூக்கும் வேளையில் அவர் அதனைக் கழுத்துக்கு இறக்கிவிடுவார். தூசியும் மூச்சும் மிகுந்திருக்கும் வேளையிலேதான் காவல் கழற்றப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விருமல் புதிதன்று. கொழும்பிற் பணியாற்றிய கஸ்ரலானியும் அவரோடு சேர்ந்து எழுதிய சாமேர்சும் வெப்பமண்டல மருத்துவம் பற்றிய தம் பெருநூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தேயிலைத் தொழிற்சாலை இருமல் என ஒன்றைக் குறித்துள்ளனர். பின்னர் இலங்கையின் நெஞ்சுநோய் மருத்துவ நிபுணர் சி. ஜி. ஊறகொட, தேயிலைத் தூசியால் வரும் தொய்வைப் பற்றி 1970இலும், தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி 1980இலும் பிரித்தானிய மருத்துவ ஏடுகளில் எழுதினார். எனவே அறியாமை என்று இதற்குச் சமாதானம் கூற இயலாது.

இத்தொழிலாளியின் மகள் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயில்பவள். 2020ஆம் ஆண்டிற் கொவிட் பரவியபோது விடுமுறையில் லயத்தில் அடைபட்டிருந்த அவள், பிறநாட்டு மருத்துவமனைகளில் வைத்தியர்கள் தலைமுழுதும் மூடிய வெண்ணிறக் கவசத்தோடும் முதுகிலே தொங்கும் குழாயோடும் நடமாடுவதைத் தொலைக்காட்சியிற் கண்டாள். அக்கருவி எத்தகையது என்று தேடிப் படிக்கத் தொடங்கினாள். அதன் அமைப்பு எளியது. இடைவாரிலே ஒரு சிறு விசிறியும் மின்கலமும் இருக்கும். விசிறி சுற்றியுள்ள காற்றை வடிகட்டியினூடாக இழுத்துக் குழாய்வழியே முகத்திற்கு அனுப்பும். சாதாரண முகக்கவசத்திலே வடிகட்டியின் தடையை எதிர்த்து நெஞ்சுதான் காற்றை இழுக்கவேண்டும்; இங்கே அவ்வுழைப்பை விசிறி ஏற்கின்றது. உள்ளே அமுக்கம் சற்று மிகுந்திருப்பதால் இடைவெளிகள் வழியே காற்று வெளியேறுமேயன்றி எளிதில் உள்ளே புகாது. இது மருத்துவமனைக்கென்று பிறந்த கருவியுமன்று. 1970களிலே இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காக, தலைக்கவசத்தினுள்ளேயே விசிறியும் வடிகட்டியும் பொருத்திய கருவி ஒன்று ஆக்கப்பட்டது. சுமப்பவருக்கும் தோண்டுபவருக்கும் எண்ணப்பட்ட பொருளை உலகம் வைத்தியரின் தலையிற் கண்டபின்னரே அறிந்துகொண்டது.

அவள் கம்பனிகளின் விபரக்கொத்துகளைத் திரட்டி, விலை, எடை, காப்பளவு எனக் கட்டம் போட்டு ஓர் அட்டவணை ஆக்கினாள். காப்பளவு என்பது, வெளியே உள்ள தூசியில் எத்தனையில் ஒரு பங்கு உள்ளே வரக்கூடும் என்பதைக் குறிக்கும் எண். ஐக்கிய அமெரிக்காவின் விதிகளின்படி அரைமுகக் கவசத்திற்கு அது 10. விசிறியோடு கூடிய தளர்வான முகமறைப்பிற்கு 25. விசிறியோடு கூடி முழுமுகத்திலும் இறுகப் பொருந்தும் கவசத்திற்கு 1,000. எண் பெரிதாயிருப்பதையே தெரிவது நன்றெனத் தோன்றும். அட்டவணையைப் பார்த்த தந்தை அவ்வெண்களைப் பொருட்படுத்தவில்லை.

“இதப் போட்டுக்கிட்டு மூட்டையத் தூக்க முடியுமா புள்ள? அத மொதல்ல சொல்லு” என்றார்.

கேள்வி எளியது, விபரக்கொத்துகளில் இதற்கு நேரான விடை இல்லை. அமர்ந்திருக்கும் மனிதன் நிமிடத்திற்கு ஆறு முதல் எட்டு லீற்றர் காற்றை உட்கொள்கின்றான். கடின உழைப்பில் இது நாற்பது, அறுபது, அதற்கு மேலும் செல்லும். இன்னொன்றும் உண்டு. மூச்சு ஒரே சீராக ஓடும் நீரன்று. அலைபோல எழுந்து தாழ்வது. நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே இழுக்கிறோம். அந்நேரத்திலும் நடுவிலே உச்சம் ஒன்றுண்டு. கணக்கிட்டால் உச்சக்கணத்தின் வீதம் நிமிடக் கணக்கிற்கு மூன்று மடங்கிற்குச் சற்று மேலாகும். நிமிடத்திற்கு 60 லீற்றர் கொள்பவனின் உச்ச வீதம் 190 லீற்றரை நெருங்கும் என்பது இதனாற் பெறப்படும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்லி சில்வர்மனும் அவருடன் உழைத்தோரும், ஓரிடத்தில் நிற்கும் மிதிவண்டியை மிதிக்கச் செய்து, மூச்சுத் தடையோடும் தடையின்றியும் மனிதர் இழுக்கும் காற்றினை அளந்து 1951இல் வெளியிட்டனர். சுவாசக்கவசங்களின் நியமங்களுக்கு இத்தகைய அளவீடுகள் பெரிதும் துணைநின்றன.

அமெரிக்க நியமம் விசிறிக்கவசங்களுக்கு இருவகை எல்லை வகுத்துள்ளது. முகத்தில் இறுகப் பொருந்துவன நிமிடத்திற்குக் குறைந்தது 115 லீற்றரும், தளர்வான மறைப்புகள் குறைந்தது 170 லீற்றரும் வழங்கவேண்டும். இவ்விரு எண்களையும் மேற்கூறிய 190உடன் ஒப்பிட்டவுடன் தந்தையின் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பது மகளுக்கு விளங்கிற்று. சாக்கோடு படியேறும் கணத்தில் அவருடைய நெஞ்சு விசிறியை முந்திவிடும். அப்போது தளர்வான மறைப்பாயின் குறைந்த காற்று அதன் விளிம்பின் கீழிருந்து, வடிகட்டப்படாமலே, உள்ளே புகக்கூடும். இறுகப் பொருந்துவதாயின் மிகுதிக் காற்றும் வடிகட்டியினூடாகவே இழுபடும். மூச்சுச் சற்றுக் கனக்கும், ஆயினும் காவல் பெரும்பாலும் நிலைக்கும். இழுக்கும் மூச்சிற்கேற்ப விசிறியின் வேகமும் மாறும் கருவிகள் இப்போது உள்ளன. இவ்வகையில் விலையும் ஏறத்தான் செய்யும்.

அவள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தந்தையின் மூச்சை எண்ணினாள். திண்ணையில் அமர்ந்திருக்கையில் நிமிடத்திற்குப் பதினாறு. வெறுங்கையோடு படியேறி வந்து நின்றபோது முப்பத்தாறு. சாக்கோடு எண்ணுவதற்கு ஸ்டோரினுள் அவளுக்கு அனுமதி இல்லை.

சாக்குத் தூக்கும் முறையையும் அவள் கேட்டறிய வேண்டியிருந்தது. நாற்பதும் ஐம்பதும் கிலோகிராம் கொண்ட சுமை வலத்தோளிலும் பிடரியிலும் அமரும். தலை இடப்பக்கம் சாயும். வைத்தியர்கள் அணிந்த தலைமறைப்பு அங்கே ஒரே நாளில் நசுங்கிப்போகும். முதுகுவழி வரும் குழாய் சாக்கிற்கும் தோளிற்கும் இடையே அகப்படும். ஆகவே அவருக்கு வேண்டியது முகத்தில் இறுகப் பொருந்தும் கவசம், விசிறிப்பெட்டி இடுப்பின் இடப்பக்கத்தில், குழாய் நெஞ்சுவழியே. இறுகப் பொருந்தவேண்டுமாயின் விளிம்பு படியுமிடத்தில் மயிர் கூடாது. அவர் தாடியை எடுக்கச் சம்மதித்தார். மீசை விளிம்பிற்கு உள்ளேயே அடங்கிவிடுமென்று அறிந்தபின்னரே சம்மதித்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

சலிக்கும் கூடத்திற் பணிபுரியும் பெண்களின் நிலை வேறு. அவர்கள் நெடுநேரம் நிற்கின்றனர். ஆனால் மூச்சு வாங்கும் உழைப்பு அதுவன்று. முகத்திற் சரியாகப் பொருந்திய என்-95 போன்ற கவசம், நாள்தோறும் புதியதாகக் கிடைக்குமாயின், அவர்களுக்குப் போதுமானதாயிருக்கலாம். கொழுந்துமலைச் சரிவிலே டொலமைற்றுத் தூவுபவருக்கோ தூசியும் ஏற்றமும் வெயிலும் ஒருங்கே வருகின்றன. முகத்தில் ஓடும் குளிர்ந்த காற்று அங்கே பெருந்துணை. உலையடுப்பிற்கு விறகிடுபவரின் இடர் இன்னொன்று. புகையிலுள்ள காபனோரொட்சைட்டை இத்தகைய வடிகட்டிகள் தடுப்பதில்லை. விசிறி அந்நச்சையும் சேர்த்தே ஊட்டும். ஒரே கருவியைப் பத்து வாங்கி எல்லோருக்கும் பகிர்ந்தளிப்பது கணக்குப்பிள்ளைக்கு வசதி; தொழிலாளிக்கு அன்று.

வாங்கியபின் வரும் தொல்லைகளும் உள. பஞ்சுத்தூசி வடிகட்டியை விரைவில் அடைக்கும். அடைபட்டால் விசிறி ஒலித்துக்கொண்டிருக்கும், காற்றோ குறைந்திருக்கும். அதனாலேயே ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் காற்றின் அளவைச் சோதிக்கும் சிறு கருவி உடன் வருகின்றது. அதனைத் தொலைத்துவிடுவதும், வடிகட்டியை அமுக்கக்காற்றால் ஊதி மீண்டும் பொருத்துவதும் நடக்கக்கூடியவையே. ஊதிய வடிகட்டி கண்ணுக்குத் துப்புரவாகத் தோன்றும். நார்கள் கிழிந்திருப்பது தெரியாது. மின்கலம் நான்கு மணிநேரமேனும் தாங்கவேண்டும் என்பது அமெரிக்க நியமம். ஸ்டோர் வேலை நான்கு மணியோடு முடிவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றிற்குப் பதின்மூன்று மணிநேரம்வரை நீண்டதை நினைத்தால், மாற்று மின்கலம் ஆடம்பரமன்று என்பது புலனாகும். அதே ஆண்டில் டொலர்த் தட்டுப்பாட்டால் மருந்தும் எரிபொருளுமே வாராதிருந்தன. வடிகட்டியை யார் நினைத்திருப்பர்?

விலையையும் நோக்கவேண்டும். நம்பத்தக்க கருவி ஒன்று ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும். டொலர் முந்நூறு ரூபா எனக் கொண்டால் மூன்று இலட்சம். தேயிலைத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்ரெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆக ஒரு கருவி இருநூற்றிருபது நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. தந்தை இக்கணக்கைக் கேட்டு நகைத்தார். தொழிலாளி தன் பணத்தில் வாங்கும் பொருளன்று இது என்பதை அவருக்கு உணர்த்துவதே மகளுக்குக் கடினமாயிற்று. அமெரிக்க விதிகளிலே குறிப்பிடத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு: சாதாரணக் கவசத்தின் மூச்சுத்தடையைத் தாங்க இயலாத உடல்நிலையுள்ள தொழிலாளி விசிறிக்கவசத்தை அணியத்தக்கவர் என மருத்துவர் காண்பின், வேலை கொடுப்பவர் அதனை வழங்கியே ஆகவேண்டும். நலிந்த நெஞ்சு அங்கே ஓர் உரிமைக்குக் காரணமாகிறது. தோட்டங்களில் நலிந்த நெஞ்சு பேர் வெட்டப்படுவதற்கே காரணமாகும் என்று தொழிலாளர் அஞ்சுகின்றனர், இருமலை மறைக்கின்றனர்.

கவசம் கடைசிக் காவல் என்பதையும் மறத்தலாகாது. தூசி எழுமிடத்திலேயே அதனை உறிஞ்சி அகற்றுவது முதற்காவல். இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தூசியகற்றல் பற்றிப் பேசுகின்றது. விசிறி தேயிலைக்குப் புதிய பொருளுமன்று. கச்சாரிலே தேயிலைத் தோட்டக்காரராயிருந்து பெல்பாஸ்ற் திரும்பிய சாமுவேல் டேவிட்சன் 1881இல் நிறுவிய சிறொக்கோ தொழிலகம் தேயிலை உலர்த்தும் இயந்திரங்களாற் புகழ்பெற்றது. அவற்றிற்கு வேண்டிய காற்றைத் தேடியே அவர் விசிறிகளைச் செம்மைப்படுத்தினார். அவ்விசிறிகள் பின்னர்ச் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்றூட்டின. வாட்டும் தட்டிலிருந்து உலர்த்தும் பெட்டிவரை இலைக்கு வேண்டிய காற்றை அளந்து கொடுக்க நூறாண்டுக்கு முன்னரே வழி காணப்பட்டிருந்தது. இலையைச் சுமப்பவர் எவ்வளவு காற்று இழுக்கிறார் என்பதை அளந்தவர் அத்தோட்டத்தில் அம்மகளுக்கு முன் எவருமில்லை.

தந்தையும் மகளும் சேர்ந்து தோட்ட நிருவாகத்திற்கு ஒரு கடிதம் எழுதினர். எல்லோருக்கும் கருவி வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. சலிக்கும் இயந்திரங்களின்மேல் மூடியும் உறிஞ்சு குழாயும். கூடத்துப் பெண்களுக்கு நாள்தோறும் கவசம். தூசியறையைத் துப்புரவாக்கவும் சாக்குச் சுமக்கவும் செல்வோருக்கு மட்டும் விசிறிக்கவசம் இரண்டு. வாங்குமுன் கம்பனிக்காரர் ஒரு கருவியை ஒரு கிழமைக்குத் தரவேண்டும். அதனை அணிந்து பார்ப்பவர் விற்பனையாளரோ உத்தியோகத்தரோ அல்லர், சாக்குச் சுமப்பவரே. அவ்வொரு கிழமையிற் பார்க்கவேண்டியவற்றை மகள் நிரலாக எழுதினாள்: படியுச்சியில் மூச்சு முட்டுகிறதா, குழாய் அகப்படுகிறதா, கண்ணாடியில் ஆவி படிகிறதா, மின்கலம் வேலை முடியும்வரை வருகிறதா.

தந்தை அதனை இருமுறை வாசித்தார். பின்னர்ப் பேனையை வாங்கி, கீழே தம் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: “பின்னால் வருபவர் சத்தம் போட்டால் காதில் விழவேண்டும்.” அடுக்கிலிருந்து சாக்குச் சரியும்போது ஸ்டோரில் எச்சரிக்கை என்பது ஒருவர் இடும் கூச்சல் ஒன்றே. விசிறி ஓயாது காதருகே இரையும் என்பதை அவள் படித்திருந்தாள். நிரலிற் சேர்க்கத் தோன்றவில்லை.

கடிதம் திங்கட்கிழமை காலைப் பிரட்டு முடிந்தபின் அலுவலகத்திற் கொடுக்கப்பட்டது.