காணாது வரைந்தவர்

எங்கள் குறிஞ்சிப்பாடி அடங்கிய சோழமண்டலக் கரையைப் படமாக்கிய ஐரோப்பியருள் எனக்குப் பெருவியப்பளிப்பவர் தான்வீல் (1697–1782). பாரிஸ் நகரைவிட்டு அவர் வெளிச்சென்றதே அரிது. இந்தியாவைக் கண்ணாற் கண்டவரல்லர். மாலுமிகளின் குறிப்புகள், யாத்திரிகர் எழுதிய வழித்தூரங்கள், சேசுசபைப் பாதிரிமார் தென்னாட்டிலிருந்து அனுப்பிய படங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கியே 1752-இல் பிரெஞ்சுக் கம்பெனிக்காக இந்தியப் படத்தை ஆக்கினார். முன்னிருந்தோர் பலர், தாம் அறியாத இடங்களை யானையும் சிங்கமும் எழுதி நிரப்பினர். இவரோ வெறுமையாகவே விட்டார். அத்துணிவை அவர்தம் புலமையினும் பெரிதாக மதிக்கின்றேன்.

அப்படத்தைச் செதுக்கிய டெலாஹேயை மறத்தல் தகாது. செப்புத்தகட்டில் ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் இடவலம் மாற்றி வெட்டவேண்டும். தாளிற் பதியும்போதே அது நேராகும். எழுத்தொன்று பிழைப்பின், தகட்டைப் பின்புறமிருந்து தட்டிச் சமனாக்கி மீண்டும் வெட்டவேண்டும். இத்தனைக்கும் செதுக்குவோர் பெயர் படத்தின் விளிம்பிற் பொடியெழுத்தாய் நிற்பதே வழக்கம்!

ஐம்பதாண்டு கழித்து, அளந்தே எழுதுவேன் என்பார்போல லாம்டன் வந்தார். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே நகர்ந்து, கடலூரையடுத்த திருவந்திபுரத்தைத் தாம் முதலில் அளந்த தீர்க்கரேகைப் பகுதியின் தென்முனையாகக் கொண்டார். அவ்வூர்ப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோருள் இதனை அறிந்தார் எத்துணைப் பேரோ!